எட்டு வாய் வால்வு எப்படி எளிமையாகும்? ஏசி கடைக்காரர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. பதினெட்டு வருடமாகச் சின்ன ஊரில் கார் ஏசி கடை வைத்திருக்கிறீர்கள். டெஸ்லா காரைப் பிரித்துப் போட்ட ஒரு வீடியோவில், ஹீட் பம்ப், பேட்டரி கூலிங், மோட்டார் கூலிங் எல்லாவற்றையும் ஒரே கட்டியாகச் சேர்த்து, எட்டு வாய் உள்ள ஒரு வால்வை அதில் சொருகியிருப்பதைப் பார்த்தீர்கள். "சிம்பிள் ஆக்கிட்டாங்க" என்று வீடியோக்காரர் சொன்னது உங்களுக்கு ஒப்பவில்லை. எட்டு வாய் இருந்தால் அது எப்படி சிம்பிள், எங்களைப் போன்ற கடைகளை மூட வைக்கிற வேலைதானே இது என்கிறீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில், கூலிங் பத்தவில்லை என்று ஒரு மின்சாரக் கார் இப்போது கடையில் வந்து நிற்கிறது, கேஸ் அடிக்கலாமா என்றும் ஒரு கேள்வி. அவசரமானது அதுதான் என்பதால் முதலில் ஒரு வார்த்தை: இன்றைக்கு அடிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் சுற்றி வளைத்து ஒரே கேள்விதான். எளிமை என்றால் யாருக்கு எளிமை? காரைப் பூட்டுகிறவனுக்கா, ஓட்டுகிறவனுக்கா, ரிப்பேர் செய்கிறவனுக்கா? மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் எளிமையாக இருக்கும் டிசைனை இருபது வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கார் ஏசி, பேட்டரி கூலிங் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. காரைக் குளிர் அறைக்குள் நிறுத்தி மைனஸ் இருபதில் உறைய வைப்பது, பிறகு ஐம்பது டிகிரியில் வேகவைப்பது, எங்கே ஒழுகுகிறது, எது சிக்கிக்கொள்கிறது என்று எழுதி வைப்பது. வால்வை ஆட்டிவைக்கும் சாஃப்ட்வேரை நான் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களோடு சண்டை போட்ட அனுபவம்தான் உண்டு. அதனால் கீழே சாஃப்ட்வேர் பற்றிச் சொல்வதை மட்டும் எதிர்க்கட்சிக்காரன் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குழாய் எதற்கு வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பெட்ரோல் காரில் ஹீட்டர் இனாம். ஊற்றுகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சம் சூடு. அந்தச் சூட்டைத் தொலைக்க ரேடியேட்டர் வைத்து, கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குள் திருப்பிவிட்டால் ஹீட்டர். மின்சாரக் காரில் மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும் சேர்ந்து தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சக்தியை வேலையாக மாற்றிவிடுகின்றன. நெடுஞ்சாலையில் 15 கிலோவாட் இழுத்துக்கொண்டு போகும்போது வீணாகும் சூடு ஒன்றரை கிலோவாட்டைத் தாண்டாது. மைனஸ் பத்தில் ராத்திரி முழுக்க நின்ற காரின் உள்பக்கத்தைச் சூடேற்ற ஆரம்பத்தில் 5 கிலோவாட் அளவுக்குத் தேவைப்படும். பற்றாக்குறையை பிடிசி ஹீட்டர் வைத்து ஈடுகட்டினால், அது வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்கு அண்ணன்: ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. அந்த யூனிட் பேட்டரியிலிருந்து போகிறது, அதாவது ஓடும் தூரத்திலிருந்து போகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் மின்சாரக் கார்க்காரர்கள் புலம்புவதில் பெரும்பங்கு இதுதான்.

ஹீட் பம்ப் உங்களுக்குப் புதிதில்லை, ஏசியைத் திருப்பிப் போட்டது. வெளிக்காற்றிலிருந்தோ, மோட்டாரைக் குளிர்விக்கக் குழாயில் ஓடும் திரவமான கூலன்டிலிருந்தோ சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. வெளியே பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, இரண்டரை யூனிட் சூடு வரும். குளிர் ஏற ஏற அது தேயும். நீங்கள் பிரஷர் கேஜ் பிடிக்கிறவர் என்பதால் உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். ஆர்-134ஏ கேஸ் மைனஸ் இருபதில் கொதிக்க வேண்டுமென்றால் லோ சைடில், அதாவது கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்தில், பிரஷர் 5 பிஎஸ்ஐ கூட இருக்காது. மைனஸ் இருபத்தாறுக்குக் கீழே போனால் சக்ஷன் வேக்கம் ஆகிவிடும். கேஸ் அவ்வளவு மெலிந்துபோனால் கம்ப்ரஸர் எவ்வளவு சுற்றினாலும் அள்ளுவது கொஞ்சம்தான். அதனால் குளிர் நாட்டு டிசைனர் ஹீட் பம்பையும் வைப்பார், பயந்துகொண்டு பிடிசி ஹீட்டரையும் வைப்பார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சூட்டுக்கு இந்தக் காரில் மூன்று வாடிக்கையாளர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பேட்டரி இன்னொருவர்: 15-லிருந்து 35 டிகிரிக்குள் இருந்தால் சந்தோஷம், அதற்கு மேலே போனால் ஆயுள் குறையும், பூஜ்யத்துக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மேலேயே படிந்து செல் கெட்டுப்போகும். மூன்றாவது மோட்டாரும் இன்வெர்ட்டரும். இவை 60 டிகிரி கூலன்டையும் சகித்துக்கொள்ளும். ஒருவருக்குச் சூடு வேண்டியிருக்கும் அதே நேரத்தில் இன்னொருவருக்குக் குளிர் வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கும் காரை நினைத்துக்கொள்ளுங்கள்: 100 கிலோவாட் உள்ளே போனால் பேட்டரிக்குள் சில கிலோவாட் சூடாகிறது, அதைத் தொலைக்க வேண்டும். அந்தச் சூடுதான் கேபினுக்குத் தேவை. எடுத்துக் கொடுக்கக் குழாய் வேண்டும், குழாய்க்கு வால்வு, வால்வைத் திறக்க மோட்டார், மோட்டாருக்கு வயர். இப்படித்தான் பானெட்டுக்குள் காடு வளர்ந்தது.

இப்போது உங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். வீட்டு ஃப்ரிட்ஜ் பதினைந்து வருடம் ஓடினாலும் பெரும்பாலும் கேஸ் கேட்பதில்லை. கார் ஏசி மூன்று நான்கு வருடத்தில் உங்கள் கடைக்கு வருகிறது. கேஸ் கெட்டுப்போகும் பொருள் இல்லை, போனால் ஒழுகித்தான் போக வேண்டும். ஃப்ரிட்ஜில் எல்லா ஜாயின்டும் பிரேஸிங் செய்தது, கம்ப்ரஸர் மோட்டாரோடு சேர்த்து டப்பாவுக்குள் மூடி வெல்டிங் செய்தது. காரில் என்ஜினோடு சேர்ந்து ஆடும் கம்ப்ரஸர், ஆட்டத்தைத் தாங்க ரப்பர் ஹோஸ், ஒவ்வொரு முனையிலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், பெல்ட் சுற்றும் பக்கம் ஷாஃப்ட் சீல். நீங்கள் பிழைப்பது அந்த ஷாஃப்ட் சீலாலும் ஓ-ரிங்காலும்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். மின்சாரக் கார் வந்ததும் ஷாஃப்ட் சீல் போய்விட்டது, ஏனென்றால் கம்ப்ரஸர் மோட்டார் கேஸுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. ஆனால் ஹீட் பம்ப் வந்ததும் ஓ-ரிங்குகள் பெருகின. சாதாரண காரில் ஒரு எக்ஸ்பேன்ஷன் வால்வு இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ எலக்ட்ரானிக் எக்ஸ்பேன்ஷன் வால்வு, சில சட்-ஆஃப் வால்வு, அக்யுமுலேட்டர், பேட்டரியின் கூலன்டைக் கேஸால் குளிர்விக்கும் சில்லர், உள்ளே கூடுதலாக, கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ஒன்று. தனித்தனியாக வாங்கிக் குழாய் போட்டுச் சேர்த்த முதல் தலைமுறைக் கார் ஒன்றில் கேஸ் பக்கத்து ஜாயின்டுகளை ஒரு மத்தியானம் சாக்பீஸால் குறித்துக்கொண்டே எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதனால் ஒரு டிசைன் எளிமையா என்று என்னைக் கேட்டால் நான் வாய்களை எண்ண மாட்டேன், பாகங்களைக்கூட எண்ண மாட்டேன். கேஸ் பக்கம் எத்தனை ஜாயின்ட் என்றுதான் பார்ப்பேன். எட்டு வாய் வால்வு ஓடுவது கேஸில் இல்லை, கூலன்டில். இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வீடியோவில் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பொருள் மாதிரி தெரிவதால் வந்த குழப்பம்.

ஹாட் அண்ட் கோல்ட் ஸ்பிளிட் ஏசி மாதிரி ஒரே ஒரு ரிவர்சிங் வால்வு வைத்து முடித்திருக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். அதற்குப் பதில் ஒரு குளிர் அறையில் கிடைத்தது. காருக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம், வெளியே 5 டிகிரி, மழைக்கால ஈரம் செட் செய்திருந்தது. கண்ணாடிப் புகையை நீக்கக் கூலிங் காயில் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது காயில் முழுக்கத் தண்ணீர் கோர்த்திருந்தது. அப்போது சோதனைக்காக அதே காயிலை ஹீட்டிங்குக்குத் திருப்பினார்கள். காயிலில் இருந்த தண்ணீர் மொத்தமும் ஆவியாகி புளோயரோடு கிளம்பி, ஜில்லென்று இருந்த முன்கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டது. இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி. இரண்டு மூன்று விநாடிகளில் எதிரே இருந்த சுவர் தெரியவில்லை. ரோட்டில் எண்பதில் போகும்போது அப்படி நடந்தால்? அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அதனால்தான் பெரும்பாலான கார்களில் குளிர்விக்க ஒரு காயில், சூடாக்க ஒரு காயில் என்று உள்ளே இரண்டு வைத்து, ரிவர்சிங் வால்வைத் தவிர்த்துவிட்டு, சட்-ஆஃப் வால்வுகளால் வழி மாற்றுகிறார்கள். ஈரத்தை ஒரு காயில் பிடிக்கும், அடுத்த காயில் அதே காற்றைச் சூடாக்கும். வீட்டு ஏசிக்குக் கண்ணாடி வழியாக ரோடு பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி டெஸ்லாவுக்கு வருவோம். 2017-இல் மாடல் 3 வந்தபோது கூலன்ட் டப்பா, இரண்டு பம்ப், வழி மாற்றும் வால்வு, சில்லர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து சூப்பர்பாட்டில் என்று பெயர் வைத்தார்கள். பேட்டரிக்குத் தனி ஹீட்டர் அதில் கிடையாது. கார் நின்றுகொண்டிருக்கும்போதே மோட்டாரின் காயிலில் வேண்டுமென்றே வீணாக மின்சாரம் ஓட்டி, அந்தச் சூட்டைக் கூலன்ட் வழியாகப் பேட்டரிக்கு அனுப்பினார்கள். கேபினுக்கு மட்டும் பிடிசி ஹீட்டர் இருந்தது. 2020-இல் மாடல் ஒய் வந்தபோது அந்த உயர் வோல்டேஜ் பிடிசி ஹீட்டரும் போய்விட்டது, ஹீட் பம்ப் வந்தது. முன்பக்கம் கேஸ் ஓடும் கண்டென்சர் கிடையாது, கூலன்ட் ரேடியேட்டர் மட்டும். கேஸின் சூட்டைக் கூலன்டுக்கு மாற்ற நடுவில் ஒரு பிளேட் கண்டென்சர். பேட்டரி, மோட்டார், ரேடியேட்டர், சில்லர் எல்லாவற்றின் கூலன்டையும் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது ஆக்டோவால்வு என்கிற அந்த எட்டு வாய்க்காரன். கேஸ் பக்கத்து வால்வுகளும் வழிகளும் ஒரு அலுமினியக் கட்டிக்குள் போய்விட்டன.

நான் இதில் மெச்சுவது எட்டு வாயை இல்லை, பிடிசி ஹீட்டரை எடுத்ததைத்தான். கடுங்குளிரில் ஹீட் பம்ப் கைவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்துக்குத்தான் மற்றவர்கள் ஹீட்டரை வைத்திருந்தார்கள். டெஸ்லாக்காரர்கள் கம்ப்ரஸரையே ஹீட்டராக ஓட்டினார்கள். கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள், கடைசியில் எல்லாம் கேஸின் சூடாகத்தான் போகிறது. வெளிக்காற்றிலிருந்து ஒன்றும் கிடைக்காத குளிரில், வேண்டுமென்றே திறமை குறைவாகக் கம்ப்ரஸரை ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடு கிடைக்கும். பிடிசி தருவதும் அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிற பாகம் அந்த வேலையையும் செய்துவிடுமென்றால், ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் வயரோடு இன்னொரு பாகம் எதற்கு? ஒரு பாகத்தை இன்னொன்றோடு ஒட்டவைப்பது சுலபம். ஒரு பாகமே தேவையில்லை என்று ஆக்குவது வேறு வித்தை, அதற்குத்தான் நான் எளிமை என்று பெயர் கொடுப்பேன்.

ஆனால் அதற்கும் விலை உண்டு. எந்த நேரத்தில் எந்த வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது சாஃப்ட்வேர் கையில். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 26,681 டெஸ்லா கார்களுக்கு ரீகால் போட்டார்கள். ஹீட் பம்பின் ஒரு வால்வு திறக்கக் கூடாத நேரத்தில் திறந்து, கேஸ் எவாப்பரேட்டர் என்கிற கூலிங் காயிலுக்குள் சிக்கிக்கொண்டு, முன்கண்ணாடியின் பனியை நீக்கும் சூடு குறைந்துபோகலாம் என்பது புகார். காரணம் சாஃப்ட்வேர் பிழை. தீர்வாக யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை, காற்றுவழியாகப் புது சாஃப்ட்வேர் அனுப்பிச் சரிசெய்தார்கள். குழாயில் இருந்த சிக்கல் எங்கே இடம் மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கார்க்காரருக்கு ஒரு வகையில் நிம்மதி, கடைக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் கண்ணால் பார்த்தால் முப்பது ஜாயின்டில் ஒன்று ஒழுகுவதைச் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும். சாஃப்ட்வேரில் இருக்கும் ஓட்டைக்குச் சோப்பு போட முடியாது.

கட்டியாக வார்ப்பதிலும் சங்கடங்கள் உண்டு. இப்படி ஒரு கேஸ் கட்டியை ரம்பத்தால் குறுக்கே அறுத்து மேஜையில் வைத்திருக்கிறோம், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட. இது டெஸ்லாவுடையது இல்லை. அறுத்த முகத்தில் பார்த்தால் கம்ப்ரஸரிலிருந்து வரும் கொதிக்கும் கேஸின் வழியும், திரும்பிப் போகும் குளிர்ந்த கேஸின் வழியும் ஒரு விரல் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் போகும். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கெட்டி. சூடான வழி குளிர்ந்த வழியைச் சுட்டுக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே திறன் போகும். அதற்காக இரண்டுக்கும் நடுவில் கட்டியைக் குறுக்கே வெட்டிக் காற்று இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த வெட்டை ஆழமாக்கினால் கட்டி பிரஷரைத் தாங்காது, மேலோட்டமாக விட்டால் சூடு கடக்கும். தனித்தனிக் குழாயாக இருந்தபோது இந்தப் பேச்சே கிடையாது, நடுவில் காற்றுதான் இருந்தது.

பலவாய் வால்வின் நோய் வேறு மாதிரி. உள்ளே சுழலும் பிளாஸ்டிக் உருளையைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் கூலன்ட் வெளியே வராது, ஒரு வழியிலிருந்து அடுத்த வழிக்குக் கசியும். மோட்டாரின் சூடான கூலன்ட் கொஞ்சம் பேட்டரிப் பக்கம் போகும். கீழே ஈரம் இல்லை, டப்பாவில் அளவு குறையவில்லை. பேட்டரி கூலிங் முன்னைவிட அடிக்கடி ஓடுகிறது, ஓடும் தூரம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான் அறிகுறி. இந்த வால்வுகள் பதினைந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதில் யாரும் அடித்துப் பேசக் கூடாது. 2020-இல் வந்த டிசைனுக்கு அவ்வளவு வயது இன்னும் ஆகவில்லை. சோதனைக்கூடத்தில் லட்சக்கணக்கான முறை சுழற்றிப் பார்க்கிறோம்தான். ஆனால் சோதனைக்கூடத்தில் யாரும் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதில்லை.

எளிமையாக்குவதில் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 2010 கடைசியில் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குக் கூலன்டே கிடையாது, சில்லர் கிடையாது, மூடிய பெட்டி, தானாக ஆறினால் உண்டு. அதைவிட எளிமையாக ஒரு பேட்டரியை வைக்க முடியாது. பெரும்பாலான ஊர்களில் அது ஓடிவிட்டது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் வெயிலில் மட்டும், வாங்கி இரண்டு வருடம் ஆவதற்குள் பேட்டரியின் கொள்ளளவு கண்ணெதிரே குறைவதாக 2012-இல் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அடுத்த வருட மாடலிலேயே அதே கார் கேபினுக்கு ஹீட் பம்பை வாங்கிக்கொண்டது, பேட்டரிக்கு ஒன்றும் வரவில்லை. எந்த ஊருக்கு எதை எடுக்கலாம் என்று தெரியாமல் எடுத்தால் இப்படித்தான்.

அதை நம் ஊர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தால் என் கருத்து வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓடும் காருக்கு ஹீட் பம்ப் தேவையில்லை. ஊட்டியில் ஜனவரி விடிகாலை நான்கு நாள் ஹீட்டர் போடுவதற்கு ஒரு சின்ன பிடிசி போதும். லடாக்கில், காஷ்மீரில் வாழ்பவர்கள் வேறு கணக்குப் போடட்டும். இங்கே கட்டாயம் வேண்டியது சில்லர். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூலன்டை வெளிக்காற்றைவிடக் குளிராக்க முடியாது. சித்திரை மத்தியானம் வேலூரில் காற்றே 41 டிகிரி, தார் ரோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் அதிகம். பேட்டரியை 35-க்குள் வைக்க வேண்டுமென்றால் ஏசி கேஸின் உதவி இல்லாமல் முடியாது. ஆகவே "இந்த மாடலில் ஹீட் பம்ப் இல்லையாமே" என்று கவலைப்பட்டு உங்களிடம் வரும் வாடிக்கையாளரிடம், பேட்டரிக்கு லிக்விட் கூலிங்கும் சில்லரும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேஸையே நேராகப் பேட்டரிக்கு அடியில் ஓட்டும் கார்களும் உண்டு. பிஎம்டபிள்யூ ஐ3 அப்படித்தான் வந்தது, பிஒய்டி இப்போது அதைப் பெரிய அளவில் செய்கிறது. நடுவில் கூலன்ட் இல்லாததால் பாகங்கள் குறைவு, கேஸ் போகும் தூரம் அதிகம். ஜாயின்ட் எண்ணும் என் கண்ணுக்கு அது அரை எளிமைதான்.

நான் பந்தயம் கட்டுவதென்றால் நேர் எதிர்த் திசையில் கட்டுவேன். கேஸ் சுற்றை முடிந்த அளவுக்குச் சின்னதாக்கி, கம்ப்ரஸர், பிளேட் கண்டென்சர், எக்ஸ்பேன்ஷன் வால்வு, பிளேட் சில்லர் நான்கையும் ஒரு ஷூ பெட்டி போன்ற யூனிட்டுக்குள் அடைத்து, தொழிற்சாலையிலேயே கேஸ் நிரப்பி மூடிவிடுவது. ஃப்ரிட்ஜ் மாதிரி. வெளியே வருவது நான்கு கூலன்ட் ஹோஸ், இரண்டில் சூடு, இரண்டில் குளிர். கேபினுக்கும் பேட்டரிக்கும் அந்தக் கூலன்டைப் பங்கு பிரித்து அனுப்பினால் போதும். கேஸ் எப்போதும் ஒரே திசையில் ஓடும், வழி மாற்றுவதெல்லாம் தண்ணீர்ப் பக்கம். இதில் நஷ்டமும் உண்டு. சூடு ஒரு கை கூடுதலாக மாறுகிறது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில டிகிரி போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரஸரின் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது இந்தத் தொழிலின் கைக்கணக்கு. ஏசி போட்டதும் குளிர் வருவதற்கும் கொஞ்சம் தாமதமாகும், முதலில் கூலன்ட் குளிர வேண்டுமே.

இந்தப் பக்கம் காற்று வீசுவதற்குக் கேஸ் சட்டங்களும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 2017-லிருந்து புதுக் கார்களில் புவி வெப்பமாக்கும் எண் 150-க்கு மேல் உள்ள கேஸ் கூடாது. ஆர்-134ஏ-வின் எண் 1430. அதற்குப் பதிலாக வந்த ஆர்-1234ஒய்எஃப் அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, ஆனால் அது காற்றில் உடைந்து, அழியாத ஓர் அமிலமாக மாறி மண்ணில் சேர்கிறது. 2023 ஜனவரியில் இப்படி அழியாத ரசாயனங்களுக்கு எதிராக ஐந்து ஐரோப்பிய நாடுகள் கொண்டுவந்த தடை யோசனையின் வலைக்குள் அதுவும் வருகிறது. அந்த யோசனை கார் கேஸ் விஷயத்தில் எப்படி முடியும் என்பது சந்தேகத்துக்குரியது, அதை நம்பி யாரும் முதலீடு செய்ய வேண்டாம். மாற்று இரண்டு. கார்பன் டை ஆக்சைடு குளிரில் அசத்தும், ஃபோக்ஸ்வாகன் ஐடி கார்களின் ஹீட் பம்பில் வந்தது. ஆனால் ஹை சைடில் பிரஷர் 130 பார் வரை ஏறும், அதாவது 1900 பிஎஸ்ஐ. உங்கள் கேஜைக் கிட்டேகூடக் கொண்டுபோகக் கூடாது. அதோடு 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே ஆகாது. சென்னை வெயிலுக்கு அந்தக் கேஸ் பொருந்தாத சம்பந்தம். இன்னொன்று புரொபேன், ஆர்-290. மைனஸ் 42-இல் கொதிக்கும், குளிரும் தாங்கும் வெயிலும் தாங்கும், ஆனால் தீப்பிடிக்கும். தீப்பிடிக்கும் கேஸை டேஷ்போர்டுக்குள் ஓட்ட முடியாது. முன்னால் பானெட்டுக்குள் சின்ன மூடிய பெட்டியில், சில நூறு கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டு ஃப்ரிட்ஜில் 150 கிராமுக்குள் ஐசோபியூட்டேன் ஓடுகிறது, கோத்ரெஜ் 2012-இலேயே புரொபேனில் ஸ்பிளிட் ஏசி கொண்டுவந்தது. நமக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம் இல்லை. காருக்கு இது எப்போது பெருவாரியாக வரும் என்று தேதி சொல்ல மாட்டேன், திசையை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் காலக்கெடு 2032-இல்தான் தொடங்குகிறது. ஆர்-134ஏ சிலிண்டர் உங்கள் கடையில் இன்னும் பல வருடம் இருக்கும்.

கடையை மூட வைப்பார்களா என்று கேட்டீர்களே. கேஸ் அடிக்கும் வேலை குறையும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷாஃப்ட் சீல் போய்விட்டது, ஜாயின்டுகளும் போய்க்கொண்டிருக்கின்றன. கட்டிக்குள் ஒரு வால்வு கெட்டால் கட்டியையே மாற்றச் சொல்வார்கள், அந்த பில்லைப் பார்த்து வாடிக்கையாளர் உங்களிடம் ஓடி வருவார். வால்வின் காயிலை மட்டும் தனியாகக் கழற்ற முடிகிற கட்டிகளும் உண்டு, முடியாதவையும் உண்டு. பூட்டுகிறவனுக்காக மட்டும் யோசித்த டிசைன் எது என்பது அங்கே தெரிந்துவிடும். நிலைக்கப்போவது கூலன்ட் வேலை. பம்ப், வழி வால்வு, காற்றுக் குமிழி எடுப்பது, சில்லர் அடைப்பு. மூன்று சுற்றும் ஒரே டப்பாவைப் பகிரும் காரில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டால், ஸ்கேனரை மாட்டி வால்வுகளை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, பம்பை ஓட்டி எடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றி ரேஸ் கொடுக்கிற பழைய வைத்தியம் செல்லாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, வால்வின் ஒவ்வொரு வாயிலும் சூடு பார்த்து எழுதப் பழகுங்கள். மேலே சொன்ன உள்கசிவை நான் பெரும்பாலும் அப்படித்தான் பிடிக்கிறேன். குளிர்ந்திருக்க வேண்டிய வாய் வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போது கடையில் நிற்கும் காருக்கு வருகிறேன். கேஸ் அடிக்க வேண்டாம் என்றது கேஸுக்காக இல்லை, ஆயிலுக்காக. பெல்ட் கம்ப்ரஸருக்கு நீங்கள் ஊற்றும் பேக் (பிஏஜி) வகை ஆயில் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். மின்சாரக் காரின் கம்ப்ரஸருக்குள் முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும் காயில் அந்த ஆயிலிலேயே நனைந்து கிடக்கிறது. அதற்குப் பெரும்பாலும் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான், எதுவானாலும் கம்ப்ரஸர் கம்பெனி சொன்னது மட்டும். உங்கள் சார்ஜிங் மெஷின் ஹோஸுக்குள் முந்தின காரின் பேக் ஆயில் கொஞ்சம் தங்கியிருக்கும், அது உள்ளே போனாலே இன்சுலேஷன் குறைந்து, கார் உயர் வோல்டேஜ் கோளாறு என்று எச்சரித்து, ஓட மறுத்துவிடலாம். அப்புறம் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் தீராது, ஆயில் போன இடத்தையெல்லாம் கழுவ வேண்டியிருக்கும். லீக் பார்க்கும் டை (சாயம்) கலந்த கேனும் இதே காரணத்துக்காக ஆகாது. ஆரஞ்சு வயரை, பயிற்சி இல்லாமல், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழற்றிய பிறகும் உள்ளே சார்ஜ் சில நிமிடம் நிற்கும்.

கூலிங் பத்தவில்லை என்பதற்குக் கேஸ் குறைவு காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கார் வந்து நின்றது மத்தியானமா, அதற்கு முன் ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றினாரா என்று ஓனரிடம் கேளுங்கள். பேட்டரி சூடாக இருந்தால் சில்லருக்கு முதல் பங்கு போய், கேபினுக்கு மிச்சம்தான் வரும். பல கார்களில் அது கோளாறே இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நாளைக் காலை, பேட்டரி ஆறிய பிறகு, உள்ளே டேஷ்போர்டின் ஏசி வாய் வழியாக வரும் காற்றின் சூட்டை ஒரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் பத்தவில்லை என்றால் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் ஆயில் ஸ்டிக்கரையும், பானெட்டுக்கு அடியில் கேஸின் பெயரும் கிராமும் எழுதிய ஸ்டிக்கரையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். பார்த்துவிட்டு எந்த ஹோஸ், எந்த ஆயில், எவ்வளவு என்று எழுதுகிறேன்.